கை படும் வட்டம்: ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டீயரிங் தோலைப் புதுப்பித்தலும் மாற்றுதலும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வருகிறவர்களில் விவரமானவர் பானெட்டைத் திறக்கும் முன்பே ஸ்டீயரிங்கைப் பார்ப்பார். ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டர் குறைவாக இருந்து, ஸ்டீயரிங்கில் பத்து மணி, இரண்டு மணி இடங்களில் தோல் வழுவழுத்துக் கிடந்தால் கணக்கு உதைக்கும். போர்ஷே 911, பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி என்று எந்தக் காராக இருந்தாலும் உள்ளே முதலில் தேய்வது கை படும் இந்த வட்டம்தான். வியர்வை, மோதிரம், கண்ணாடி வழியே இறங்கும் வெயில், சானிடைசர் என்று எல்லாம் ஒரே இடத்தில் விழுகிறது.

திருப்பூர்க்காரருக்கு இதைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது, “தையல் வேலைதானே, நம்ம கம்பெனி டெய்லர்கிட்டயே கொடுத்துடலாம்” என்பது. அது பாதி சரி. அளவெடுத்துப் பேட்டர்ன் போட கட்டிங் மாஸ்டர், ஒரே சீராகத் தையல் விட டெய்லர், கறுப்பிலேயே பல கறுப்பைப் பிரித்துக் காட்ட மெர்ச்சண்டைசர் என்று இந்த வேலைக்கு வேண்டிய பாதித் திறமை இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்தக் கைகள் பழகியது பனியன் துணியில். ஊசி, சாயம், தண்ணீர், பசை என்று வரும்போது துணியில் சரியாக இருப்பது தோலைக் கெடுத்துவிடும். ஊரின் கைத்திறனை எங்கே பயன்படுத்துவது, எங்கே தள்ளிவைப்பது என்பதை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது.

எந்த அடுக்கு தேய்ந்திருக்கிறது?

ஸ்டீயரிங் ஒரே பொருள் அல்ல. நடுவில் மெக்னீசியம், அலுமினியம் அல்லது இரும்பாலான கூடு. அதன்மேல் பாலியூரித்தேன் ஃபோம். அதன்மேல் ஏறத்தாழ 1 முதல் 1.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாட்டுத் தோல். தோலின் மேல் நிறப்பூச்சு. அதற்கும் மேலே நிறத்தைக் காக்கும் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு. தேய்ந்த அடுக்கு எதுவோ அதை மட்டும் சரிசெய்ய வேண்டும். அழுக்குக்குத் தோலை மாற்றுவது வீண் செலவு. கிழிந்த தோலுக்குப் பெயின்ட் அடிப்பது வீண் வேலை.

பார்த்துக் கண்டுபிடிக்க:

1. கை படும் இடம் மட்டும் பளபளக்கிறது, மற்ற இடம் மங்கலாக இருக்கிறது: பெரும்பாலும் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். கார் கம்பெனிகள் தோல் ஸ்டீயரிங்கைப் பொதுவாகப் பளபளப்பில்லாமல்தான் அனுப்புகின்றன. சுத்தம் செய்தால் போதும்.

2. நிறம் வெளுத்திருக்கிறது: ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் மேல்பூச்சு உயிரோடு இருக்கிறது. ஊறி, அந்த இடம் கறுத்தால் பூச்சு போய்விட்டது. நிறம் ஏற்ற வேண்டும்.

3. மெல்லிய வெடிப்பு இருக்கிறது, தோல் இன்னும் வளைந்து கொடுக்கிறது: ஃபில்லர் வைத்து நிறம் ஏற்றலாம்.

4. தோல் நன்றாக இருக்கிறது, நூல் மட்டும் அறுந்திருக்கிறது: பழைய துளைகளிலேயே மறுபடி கையால் தைக்கலாம்.

5. தோல் இறுகிச் சுருங்கி, ஸ்போக் ஓரத்தில் விலகி நிற்கிறது. நார் பிரிகிறது: தோலையே மாற்ற வேண்டும்.

6. அழுத்தினால் உள்ளே பள்ளம் விழுகிறது அல்லது நொறுங்குகிறது: ஃபோம் போய்விட்டது. சிறிய பள்ளத்தை நெகிழும் ஃபில்லரால் நிரப்பலாம். பெரிதாக உடைந்திருந்தால் வேறு ஸ்டீயரிங்தான்.

7. விபத்தில் ஏர்பேக் வெடித்தது அல்லது கூடு வளைந்தது: புதுப்பிக்கும் பேச்சே வேண்டாம். முழுதாக மாற்றுங்கள்.

சுத்தம் செய்தல்

தோலுக்கென்று விற்கும் காரமில்லாத கிளீனர், மென்மையான முடிப் பிரஷ், வெள்ளைத் துணி. இவ்வளவுதான் தேவை. பிரஷ்ஷில் நுரை எடுத்து, ஒரு சாண் அளவு இடமாகச் சுழற்றித் தேய்த்து, உடனே துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீரை ஸ்டீயரிங்கில் நேரே ஊற்றக் கூடாது. ஹார்ன் சுவிட்சும் ஒயரும் பக்கத்திலேயே இருக்கின்றன.

துணிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. இந்தியா முழுக்க ஒர்க்‌ஷாப்புகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் இங்கிருந்தும் போகிறது. ஆனால் மூட்டையில் கைக்கு வந்ததை எடுக்காதீர்கள். அடர்நிறச் சாயத் துணியில் ஆல்கஹால் பட்டால் சாயம் கசிந்து வெளிர்நிறத் தோலில் ஏறிவிடும். ஓவர்லாக் போட்ட ஓரம் இருந்தால் அதன் தடித்த நூல், நைந்த பூச்சைக் கீறும். சாயம் ஏறாத வெள்ளை சிங்கிள் ஜெர்சி கட்பீஸ்தான் இதற்கு ஏற்றது.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நொய்யல் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதன் பின்னணியில் இருந்ததும் ஆற்றில் கலந்த சாயக்கழிவும் அதன் உப்பும்தான். அந்தத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டால் கறுப்புத் தோலில் வெள்ளை பூத்து நிற்கும். ஆர்ஓ தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை: தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ், சிலிக்கான் கலந்த டேஷ்போர்டு பாலிஷ். எண்ணெய் பழசாகிச் சிக்குப் பிடிக்கும். ஷூ பாலிஷ் கையிலும் சட்டையிலும் ஒட்டும். சிலிக்கான் ஊறிய தோலில் பிறகு எந்த நிறமும் பிடிக்காது. இவை மூன்றிலும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு: வேகமாகத் திருப்பும்போது ஸ்டீயரிங் கையில் வழுக்கும்.

நிறம் ஏற்றுதல்

“சாயம் போட்டுடலாமே” என்ற யோசனை இங்கே யாருக்கும் வரும். ஊரே சாயத்தில் வாழ்கிறது. ஆனால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் செல்லுலோஸ் நாரோடு காரத்தில்தான் பிணையும். சோடா சாம்பல் சேர்ப்பது அதற்காகத்தான். தோல் என்பது புரதம். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் லேசான அமிலத் தன்மையில் நிலைத்திருப்பது. காரம் பட்டால் அது கெடத் தொடங்கும். தவிர, கார் தோலின் நிறம் நாருக்குள் ஊறிய சாயத்தில் மட்டும் இல்லை. மேலே படிந்த நிறமிப் பூச்சில்தான் பெரும்பாலும் இருக்கிறது. எனவே தேவைப்படுவது தண்ணீர் அடிப்படையிலான, நெகிழும் தன்மையுள்ள, தோலுக்கான நிறமிப் பூச்சு.

வரிசை இப்படி:

1. கிளீனரால் சுத்தம் செய்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் பிசுக்கை எடுங்கள். தோல் ஊறும் அளவுக்கு நனைக்க வேண்டாம்.

2. 800 முதல் 1000 எண் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, பிசிறுகளை அமர்த்துங்கள்.

3. வெடிப்பில் தோல் ஃபில்லரை மெல்லிசாக வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மறுபடி வெடிக்கும். ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. காய்ந்ததும் மறுபடி உப்புத்தாள்.

4. நிறத்தைச் சிறிய ஸ்பாஞ்சில் எடுத்து ஒத்தி ஒத்தி வையுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். நான்கு முதல் ஆறு மெல்லிய பூச்சில் சமமாகும். தையல் நூலின் மேல் நிறம் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

5. கடைசியில் பளபளப்பில்லாத மேல்பூச்சு. கை வேர்த்து உரசும் இடம் என்பதால் பூச்சை உறுதியாக்கும் கிராஸ்லிங்க்கரைப் பூச்சு கம்பெனி சொல்லும் அளவில் கலந்துகொள்ளுங்கள். கலந்தபின் வைத்திருந்து பயன்படுத்த முடியாது. வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும்.

6. குறைந்தது ஒரு நாள் கை படாமல் வையுங்கள். முழு உறுதி வர ஒரு வாரம்போல் ஆகும். அதுவரை சானிடைசர் போட்ட கையோடு தொட வேண்டாம்.

நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஊரின் வழக்கத்தையே பின்பற்றலாம். பையருக்கு லேப் டிப் அனுப்பும் முன் லைட் பாக்ஸில் டி65, டிஎல்84 என்று விளக்கு மாற்றிப் பார்ப்பதுபோல், ஒரு தோல் துண்டில் நிறம் பூசி, வெயிலிலும் டியூப்லைட்டிலும் ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு விளக்கில் பொருந்திய கறுப்பு இன்னொரு விளக்கில் நீலமோ பழுப்போ அடிக்கலாம். பளபளப்பையும் ஒப்பிட வேண்டும். நிறம் சரியாக இருந்து பளபளப்பு கூடிவிட்டால் கண்ணுக்கு அது வேறு கறுப்பாகவே தெரியும்.

பூச்சு வேலையைப் பனியன் கம்பெனி வளாகத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நிட்டிங், கட்டிங் நடக்கும் இடத்துக் காற்றில் பஞ்சுத் தூசி எப்போதும் மிதக்கிறது. ஈரப் பூச்சில் அது விழுந்தால் மறுபடி உப்புத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் மின்விசிறி ஓடாத, ஜன்னல் உள்ள அறை போதும்.

தோலை மாற்றுதல்: கழற்றும் முன்

தோல் மாற்ற ஸ்டீயரிங்கைக் கழற்றியாக வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் இதை வீட்டு வாசலில் செய்து பழகக் கூடாது. தெரிந்த மெக்கானிக்கிடம் செய்தாலும் கீழ்க்கண்டவை நடக்கின்றனவா என்று கூட நின்று பாருங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். காரின் மேனுவல் அதைவிட அதிக நேரம் சொன்னால் அதுவே கணக்கு. ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். கழற்றிய மாட்யூலை, பை விரியும் முகம் மேலே பார்க்கும்படி, வெயிலும் சூடும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். அதன் ஒயரில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவே கூடாது.

சக்கரங்கள் நேராக இருக்கும்போதுதான் ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டும். ஷாஃப்டிலும் ஹப்பிலும் பொருந்தும்படி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கழற்றியபின், ஹார்ன், ஏர்பேக் இணைப்பின் ரிப்பன் ஒயர் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் சுழலாதபடி டேப் ஒட்டிவைக்க வேண்டும். அது இரண்டு சுற்று தவறிப்போய் மாட்டினால், வண்டியை முழுதாகத் திருப்பும் நாளில் உள்ளே உள்ள ரிப்பன் ஒயர் அறுந்து, ஹார்னும் ஏர்பேக் விளக்கும் ஒன்றாகக் கோளாறு காட்டும். பல ஐரோப்பியக் கார்களில் நடு போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. புதிய போல்ட் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இன்னொன்று: புதிய கார்கள் சிலவற்றில் கை பிடித்திருக்கிறதா என்று அறியும் சென்சரோ, குளிருக்குச் சூடேற்றும் கம்பியோ தோலுக்கு அடியில் ஓடும். அப்படிப்பட்ட ஸ்டீயரிங்கில் பழைய தோலைக் கத்தி போட்டு உரிக்க முடியாது. அந்த வேலை தெரிந்தவரிடமே போக வேண்டும்.

ஏர்பேக் மூடியின் மேல் தோல் ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது இரண்டும் வேண்டாம். பை வெளிவரும்போது பிளக்க வேண்டிய மெல்லிய கோடு அந்த மூடியின் உள்பக்கத்தில் இருக்கிறது.

என்ன தோல் வாங்குவது?

சீட் கவர் கடையில் “லெதர்” என்று காட்டுவதில் பல ரெக்ஸினாக இருக்கும். திருப்பூர்க்காரர் ஏமாற வேண்டியதில்லை: திருப்பி, பின்பக்கம் பாருங்கள். பின்னிய துணியோ நெய்யாத விரிப்போ தெரிந்தால் அது செயற்கை. உண்மைத் தோலின் பின்பக்கம் நார்நாராக இருக்கும். வெட்டிய ஓரத்திலும் அடுக்கு தெரியாது, நார்தான் தெரியும். பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் வியர்வையிலும் ஈரத்திலும் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும்.

உண்மைத் தோலிலும் ரகம் பார்க்க வேண்டும். ஈரோடு, திண்டுக்கல் பக்கம் நெடுங்காலமாக ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட தோல் பெயர்பெற்றது. ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சத்தில் சிவந்துபோகும். அதைத் தடுக்கத்தான் கடுக்காய்ப் பக்குவம். பைக்கும் செருப்புக்கும் அது அருமை. மேல்பூச்சில்லாமல் ஸ்டீயரிங்கில் ஏற்றினால் வியர்வை படிந்து கறுக்கும், இறுகும். ஸ்டீயரிங்குக்கு ஏற்றது, குரோமில் அல்லது குரோம் இல்லாத நவீன முறையில் பதனிட்டு, மேல்பூச்சு கொடுத்த, 1 முதல் 1.2 மில்லிமீட்டர் மாட்டுத் தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளின் சரக்கு சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும். ஜாக்கெட்டுக்கான செம்மறித் தோல் தொட்டால் பட்டாக இருக்கும். ஆனால் மெலிது, இழுத்துத் தைக்கும்போது கிழியும்.

அளவு பார்ப்போம். 370 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங், பிடி 30 மில்லிமீட்டர் தடிமன் என்றால், மூட வேண்டிய பரப்பு ஒரு சதுர அடிக்குச் சற்று மேல்தான். ஆனாலும் மூன்று சதுர அடித் துண்டாக வாங்குங்கள். எல்லாத் துண்டும் முதுகுப் பகுதியிலிருந்து, ஒரே திசையில் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் தளர்ந்தது; சில மாதத்தில் தொளதொளத்துவிடும்.

பேட்டர்ன்: கட்டிங் மாஸ்டரின் இடம்

பழைய தோலைக் கிழிக்காமல் தையல் பிரித்து எடுத்தால் அதையே பேட்டர்னாக வைக்கலாம் என்று தோன்றும். வருடக்கணக்கில் சுருங்கியும் இழுபட்டும் போன தோல் அது. வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சரியான வழி: ஸ்டீயரிங்கைச் சமையலறை கிளிங் ஃபிலிமால் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். தையல் வர வேண்டிய கோடு, ஸ்போக் ஓரம், துண்டுகள் சேரும் இடம் எல்லாவற்றையும் பேனாவால் வரைந்து, ஒவ்வொரு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பிறகு கோட்டின் மேல் அறுத்து உரித்து, அட்டையில் தட்டையாக விரித்தால் பேட்டர்ன்.

இங்கேதான் வேலையின் உண்மையான சிக்கல். நாம் சொன்ன ஸ்டீயரிங்கின் வெளிச் சுற்றளவு 116 சென்டிமீட்டர். உள் சுற்றளவு 97. தட்டையாக வெட்டிய தோல், வெளியே விரியவும் உள்ளே சுருங்கவும் வேண்டும். தையல் உள்பக்கம் வருவதால், இழுவை முழுவதும் வெளிவட்டத்தில் விழும். டீ சர்ட் கழுத்துக்கு ரிப்பை அளவைவிடக் குறைத்து வெட்டி, இழுத்துத் தைப்பதுபோலத்தான் இதுவும். மாஸ்டருக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும். ஆனால் ரிப் தாராளமாக நீளும். தோல் சில சதவீதம்தான் கொடுக்கும். எனவே அகலத்தில், பிடியின் சுற்றளவு 94 மில்லிமீட்டர் என்றால் தோலை 89, 90 என்று வெட்டலாம். நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளியைத் தையல் இழுத்து மூடும். அதற்கு மேல் குறைத்தால் துளை கிழியும். முதலில் மலிவான தோல் துண்டில் சேம்பிள் போட்டு, ஸ்டீயரிங்கில் சுற்றிப் பார்த்து, பிறகு நல்ல தோலை வெட்டுங்கள். சேம்பிள் இல்லாமல் புரொடக்‌ஷன் போகாத ஊருக்கு இதை வற்புறுத்தத் தேவையில்லை.

ஸ்போக் பள்ளத்துக்குள் மடங்கிப் போகும் ஓரங்களைப் பின்பக்கத்திலிருந்து சீவி மெலிதாக்க வேண்டும். சீவாமல் மடக்கினால் பிளாஸ்டிக் மூடி உட்காராது.

ஊசியும் நூலும்

பனியன் மெஷினில் இருப்பது முனை உருண்ட ஊசி. நூலிழையைக் குத்தாமல் விலக்கிவிட்டுப் போவதற்காக அப்படி. தோலில் விலகக் கண்ணி இல்லை; அந்த ஊசி தோலைக் கசக்கித் துளைக்கும், தையல் தாவும். தோலுக்கு வெட்டும் முனை கொண்ட ஊசிதான் வேண்டும். மெஷினும் முக்கியம். சாதாரண பவர் டேபிளின் பல்லுப் பட்டை தோலில் தடம் பதிக்கும். மேலும் கீழும் சேர்ந்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட் மெஷின் வேண்டும். சீட் கவர், பேக் தைக்கும் கடைகளில் அது இருக்கும். ஓவர்லாக், ஃபிளாட்லாக் இந்த வேலைக்கு உதவாது.

மெஷினில் தைக்க வேண்டியது ஓர வரிசை மட்டும். ஒவ்வொரு ஓரத்திலும் மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, நான்கைந்து மில்லிமீட்டர் நீளத் தையல். இரண்டு ஓரத்திலும் தையல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கையால் கோக்கும் நூல், தோலைக் குத்தாமல், இந்த மெஷின் தையலின் அடியில் நுழைந்து போகும். தோலில் புதுத் துளை விழாததால் கிழியும் வாய்ப்பும் குறைவு.

சட்டைக்கு ஓட்டும் 120 டிக்கெட் நூல் இங்கே நிற்காது. ஓர வரிசைக்கு 40 டிக்கெட், கைத்தையலுக்கு 20 டிக்கெட் பருமனில் பாண்டட் பாலியெஸ்டர் நூல் எடுங்கள். வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் நைலானைவிட மேல். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். கைத்தையலுக்கு முனை மழுங்கிய ஊசி இரண்டு.

இழுத்துத் தைத்தல்

1. பழைய பசையைச் சுரண்டி, ஃபோமைச் சமப்படுத்துங்கள். பள்ளம் இருந்தால் இப்போதே நிரப்ப வேண்டும். மேலே தோல் வந்தபின் ஒவ்வொரு மேடு பள்ளமும் கைக்குத் தெரியும்.

2. தோலின் பின்பக்கத்தை ஈரத்துணியால் லேசாக நனைத்தால் இழுவைக்கு இணங்கும்.

3. முதலில் பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களைச் சரியாக நிறுத்திக் கட்டுங்கள். துண்டுகளின் இணைப்பு ஸ்போக்கோடு நேராக வருகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள்.

4. ஸ்போக் ஓரங்களில் மட்டும் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. வட்டம் முழுவதும் பசை பூசும் பழக்கம் வேண்டாம். தோலைச் சரிசெய்ய வழியில்லாமல் போகும். பசையின் ஆவி தீப்பற்றும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

5. இரண்டு ஊசியால் குறுக்காகக் கோத்து, ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஒரே விசையில் இறுக்குங்கள். ஒருவரே ஆரம்பித்து ஒருவரே முடிக்க வேண்டும். கை மாறினால் இழுவை மாறும், அது கண்ணில் தெரியும்.

6. உள்வட்டச் சுருக்கங்களை ஹீட் கன்னின் மெல்லிய சூட்டில் நீவி அமர்த்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் சுருண்டு இறுகிவிடும். அதைத் திரும்பப் பெற முடியாது.

இந்தக் கைத்தையலே பல மணி நேர வேலை. பீஸ் ரேட் வேகத்தில் செய்யச் சொன்னால் கடைசிப் பாதி தளர்ந்துதான் வரும். வேலைக்கு மொத்தமாகப் பேசுங்கள்.

அல்கான்டாரா ஸ்டீயரிங்

வெல்வெட்போல் இருக்கும் அல்கான்டாரா தோல் அல்ல. பாலியெஸ்டர் நுண்ணிழையும் பாலியூரித்தேனும் சேர்ந்தது. அதில் தேய்மானம் வருவது பில்லிங்காக. அதை இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஈரமான மென்பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காய்ந்தபின் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். உருண்டைகளைத் துணிக்கான ஷேவரால் மெதுவாக எடுக்கலாம். வழுக்கையாகிவிட்டால் மாற்றுவது தவிர வழியில்லை. பந்தயக் கார்களில் இதையோ சூயிட் தோலையோ போடுவது கையுறைக்காக. கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கையுறையோடு ஓட்டுபவருக்கு அது பிடிமானம் தரும். வெறுங்கையோடு தினமும் அவிநாசி ரோட்டில் ஓட்டுபவருக்கு வழவழப்பான தோல்தான் நெடுநாள் வரும்.

வேறு ஸ்டீயரிங் போடுவதானால்

மோமோ, நார்டி போன்ற இத்தாலியப் பெயர்கள் பலருக்கும் ஆசை. கியான்பியரோ மோரெட்டி என்ற பந்தய வீரர் 1964இல் தொடங்கியது மோமோ. தனக்காகச் செய்துகொண்ட தடித்த பிடியுள்ள ஸ்டீயரிங்கிலிருந்து பிறந்த கம்பெனி அது. வாங்கும் முன் போல்ட் வட்டம் பாருங்கள்: மோமோவில் ஆறு துளை, 70 மில்லிமீட்டர், நார்டியில் ஆறு துளை, 74. காருக்கேற்ற ஹப் அடாப்டரும் தனியாக வேண்டும். நான்கு மில்லிமீட்டர்தானே என்று லேத்தில் துளையை ஓவலாக்கி மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

இந்த வழி ஏர்பேக் இல்லாத பழைய கார்களுக்குத்தான். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார் எல்லாவற்றிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. ஏர்பேக்கை எடுத்துவிட்டு அழகான ஸ்டீயரிங் மாட்டினால் உயிருக்கும் ஆபத்து, சட்டத்திலும் சிக்கல், இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் தகராறு. அதே ஸ்டீயரிங்கில் தோலை மட்டும் மாற்றினால் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை.

கழற்றிய ஒரிஜினல் ஸ்டீயரிங்கைச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் தேடுவதானால் பார்ட் நம்பர் பொருந்துகிறதா, கூடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஏர்பேக் மாட்யூலை மட்டும் அங்கே வாங்காதீர்கள். அது வெடிக்குமா என்று சோதித்துப் பார்க்க வழியில்லை.

மேலே மாட்டும் ரெடிமேட் உறைகள் மலிவு. அவை சுழன்று வழுக்கினால் வளைவில் கார் நேரே போகும். கோத்துத் தைக்காத உறையை ஸ்போர்ட்ஸ் காரில் போட வேண்டாம்.

வேலை கொடுக்கும் முன் கேட்க

அவர் முன்பு செய்த ஸ்டீயரிங்கில் உள்வட்டத்தைத் தடவிப் பாருங்கள், சுருக்கம் இருக்கிறதா? தோலின் வெட்டிய ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கைத்தையல் மெஷின் தையலின் அடியில் போகிறதா, தோலைக் குத்திப் போகிறதா? ஏர்பேக்கைக் கழற்றப் போவது யார்? டெலிவரிக்கு முன் நிறத்தை வெயிலில் பார்க்க விடுவாரா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் கொடுக்கலாம்.

மாட்டிய பிறகு

பேட்டரியை இணைத்து, சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். நடு போல்ட் மேனுவல் சொன்ன டார்க்கில் முடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். நின்ற இடத்தில் இருபக்கமும் முழுதாகத் திருப்பி ஹார்ன் அடித்துப் பாருங்கள். காலியான ரோட்டில் மெதுவாக ஓட்டி, கார் நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கும் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். இழுத்துப் பழகிக்கொள்ளாமல் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள காரில் ஸ்டீயரிங் கோண சென்சரை ஸ்கேனரில் மறுபடி பூஜ்யமாக்க வேண்டியிருக்கும்.

பிறகு செய்ய வேண்டியது குறைவு. மாதம் ஒருமுறை ஈரமான வெள்ளைத் துணியால் துடையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோல் கிளீனர். சானிடைசர் போட்டால் கை உலர்ந்தபின் ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள். கம்பெனி வாசலில் வெயிலில் நிறுத்துவதானால் கண்ணாடிக்குச் சன் ஷேடு வைக்க மறக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயில் ஒரு கோடையில் செய்யும் சேதத்தை எந்தக் கண்டிஷனரும் திருப்பித் தராது. முதல் ஆறு மாதத்தில் தையல் ஓரிடத்தில் தளர்ந்தால் அப்போதே காட்டுங்கள். ஒரு கண்ணி விட்டபின் பக்கத்துக் கண்ணிமேல் பாரம் ஏறும். அன்று பத்து நிமிடத்தில் முடியும் வேலை, தள்ளிப்போட்டால் மறுபடி முழு ஸ்டீயரிங்கையும் கழற்ற வைக்கும்.